எழுதாத தேர்வு

என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்னும் இரண்டெழுத்து உண்டு. அவையே என்னைத் தில்லிக்குக் கொணர்ந்து, மத்திய அரசின் எழுத்தர் நாற்காலியில் இருபது ஆண்டுகளாக அமர்த்தியிருக்கின்றன. அதனாலோ என்னவோ, பொதுவுடைமைத் தலைவர் என். சங்கரய்யா அவர்களின் வாழ்வில் என் நெஞ்சைத் தைத்தது, அவர் எழுதாத தேர்வுதான்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற அவரை, இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், 1941-இல் ஆங்கில அரசு சிறையிலிட்டது. பட்டம் கைகூடவில்லை. பின்னாளில் 1967, 1977, 1980 ஆகிய தேர்தல்களில் வென்று மும்முறை சட்டமன்றம் சென்றார்.

தமிழக அரசு 2021-இல் 'தகைசால் தமிழர்' விருதை நிறுவி, முதல் விருதை அவருக்கே அளித்தது. பரிசுத் தொகை 10 லட்சம் ரூபாய். அதனை அப்படியே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு வழங்கிவிட்டார் அப்பெரியவர்.

அச்செய்தியைப் படித்த அன்று என் மேசைமீது, பயணப்படி நிலுவை 300 ரூபாயைக் கேட்டு நான் வரைந்த மூன்றாவது நினைவூட்டுக் கடிதம் கிடந்தது. உரிமையைக் கேட்பது பிழையன்று. ஆயினும் அன்று அதனை அனுப்பக் கை எழவில்லை. மறுநாள் அனுப்பிவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறேன்.

2023 நவம்பர் 15-இல் அவர் மறைந்தார். இப்போதெல்லாம் என் பெயருக்குப் பின்னால் அவ்விரண்டு எழுத்துகளை இடும்போது, பேனா சற்றே தயங்குகிறது.