நூல் அளவு!

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் வம்பு இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

உழவர்கரையில் நான் படித்த அரசுப் பள்ளியில் பழைய மாணவர் கூட்டம். போண்டா வரத் தாமதமானதால் என்னை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் தச்சு வேலை வீடியோ பார்க்கிறவன்... வணக்கம் சொல்லி இறங்கியிருக்கலாம். "ஒன்பதாவது பசங்களுக்கு டிசைன் சொல்லித் தரணும். கையால ஒரு பொருள் செய்ய வைக்கணும்!" என்று முழங்கிவிட்டேன். ஹெட்மாஸ்டர் டைரியைத் திறந்தார்.

"வர்ற சனிக்கிழமையிலேர்ந்து வந்துடுங்க!"

(என்னிடம் துளை போடும் மிஷின் ஒன்று உண்டு. அதுவரை அது போட்ட ஒரே துளை, எங்கள் பாத்ரூம் பைப்பில்.)

பதினான்கு பேர். "டிசைன்னா இன்னா?" என்று ஆரம்பித்தேன். "சட்டையில பூப்பூவா இருக்குமே சார், அது" என்றான் ஒருவன். சரி, கதை சொல்லி மடக்குவோம் என்று நகாஷிமாவைக் கூப்பிட்டேன்.

நம்ம ஊர் அரவிந்தர் ஆசிரமத்து 'கோல்கொண்டே' விடுதியைப் பல பேர் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட். அவர் ஆபீஸிலிருந்து 1937-ல் கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா - அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், எம்.ஐ.டி.யில் படித்தவர். 'சுந்தரானந்தா' என்று ஆசிரமப் பெயர்கூட வாங்கினார். 1939-ல் கிளம்பிப் போனார். போர் வந்தது. ஜப்பானிய ரத்தம் என்ற ஒரே குற்றத்துக்காக அமெரிக்கா 1942-ல் அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. அங்கே கூட இருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் வேலை கற்றுக்கொண்டார். பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை. மரத்தில் வெடிப்பு இருந்தால் மறைக்காமல், அதையே அழகாக்கி மேஜை செய்தார். உலகப் புகழ்!

"எம்.ஐ.டி. படிச்சிட்டு ஆசாரி வேலைக்கா சார் போனாரு?" என்று ஒரு பெண் கேட்டாள். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

என்ன செய்வது என்பதைவிட யாருக்குச் செய்வது என்று முதலில் பாருங்கள் என்றேன். சுற்றி அலைந்து ஆளைப் பிடித்து வந்தார்கள் - பள்ளிக்கூடம் பெருக்கும் ஆயா. பெருக்கி முடித்து வேப்பமரத்தடியில் கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல்தான் உட்காருவார். எழுந்திருக்கும்போது மட்டும் 'முருகா' என்பார்.

ஆயாவை அளந்தார்கள். முழங்காலுக்குப் பின்மடிப்பிலிருந்து தரை வரை 15 அங்குலம். அப்போ ஸ்டூல் 15 அங்குலம் என்றேன் நான். "முட்டி வலி இருக்கறவங்களுக்குத் தாழ்வா இருந்தா எழுந்திருக்கறது கஷ்டம் சார். 17 வைக்கலாம்" என்றது கடைசி பெஞ்ச். செங்கல் அடுக்கி ஆயாவை உட்காரவைத்துப் பார்த்தோம். 17-தான். முருகன் வரவில்லை!

மூன்று கால் வைத்தால் மேடு பள்ளத்திலும் ஆடாது என்று ஒரு கட்சி. ஆயா பக்கவாட்டில் குனிந்து துடைப்பத்தை எடுத்தால் கவிழ்ந்துவிடும் என்று எதிர்க்கட்சி. அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி செய்து பார்த்து, நான்கு கால் ஜெயித்தது.

மரம்? 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் விழுந்த வேம்பு ஒன்று மரவாடியில் பலகையாகிக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது கணக்கு, ஆகியிருந்தது. கால்களுக்குப் பழைய வீடு இடித்த ஜன்னல் சட்டம்.

உளியை எடுத்து நான் ஒரு போடு போட்டேன். மரம் நீளத்துக்குப் பிளந்தது. "ரேகைக்குக் குறுக்கால முதல்ல வெட்டு விடணும் சார்" என்று மெதுவாகச் சொல்லி, கடைசி பெஞ்ச் உளியை வாங்கியது. கொட்டாப்புளியால் நாலு தட்டு. சதுரமாய்த் துளை. எனக்கு வியர்த்தது.

"யார்றா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

தலையைக் குனிந்துகொண்டான்.

பதில் மறு சனிக்கிழமை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்தது. அவன் அப்பா. காதில் பென்சில்.

"சார், நான் உளி புடிச்சது போதும். இவனும் அதைப் புடிக்கணும்னா இஸ்கூலுக்கு ஏன் அனுப்பறேன்? பட்டறையிலயே வெச்சிருப்பேனே!"

என்னிடம் பதில் இல்லை. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ஞாபகம் வந்தது. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். 'குலக்கல்வி' என்று எதிர்ப்புக் கிளம்பி, 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் போயிற்று. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரன் கையில். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த பயம் பார்டர் பார்த்தா வரும்? 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறிலிருந்து எட்டாவதுக்குள் பத்து நாள் பையில்லாமல் தச்சர், குயவரிடம் பிள்ளைகள் கற்கலாம் என்கிறது. குமாஸ்தா பையனுக்கு அது பிக்னிக். ஆசாரி பையனுக்கு? எனக்குத் தச்சு ஹாபி. அவருக்கு அது முதுகுவலி.

"நீங்க சொல்றது நியாயம்ணே" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல? பையன் போட்ட படத்தை மட்டும் நீட்டினேன். மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து - மூன்று பார்வை. அளவெல்லாம் நூல் கணக்கில். (எட்டு நூல் ஒரு அங்குலம். அதுவும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.)

ரொம்ப நேரம் பார்த்தார். எங்கேயாவது தப்பு கண்டுபிடிக்கத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"படம் போடட்டும். உளியைத் தொடக்கூடாது."

அதன்பிறகு அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றான். மற்றவர்கள் தப்பாக அறுத்தபோதெல்லாம் அவன் விரல்கள் துடித்ததைப் பார்த்தேன். ஆணியே அடிக்காமல், ஐந்து சனிக்கிழமையில் ஸ்டூல் எழுந்து நின்றது.

ஆயா என்ன செய்தார் தெரியுமோ? துண்டு போட்டு மூடி ஆபீஸ் ரூமில் வைத்துவிட்டு, மறுபடியும் பெயிண்ட் டப்பாவிலேயே உட்கார்ந்தார். "அழுக்காயிடும் கண்ணு!" பசங்கள் டப்பாவை ஒளித்துவைத்த பிறகுதான் வழிக்கு வந்தார்.

போன வாரம் பையனைக் கூட்டிப்போக வந்த அப்பா, கேட்டருகே வண்டியை நிறுத்தினார். ஆயாவை எழுப்பிவிட்டு ஸ்டூலை நாலு மூலையிலும் அழுத்தினார்.

"ஆடுது."

பதினான்கு முகமும் தொங்கிப்போயிற்று. என்னுடையதைச் சேர்த்தால் பதினைந்து.

வண்டிப் பையிலிருந்து இழைப்புளியை எடுத்தார். ஸ்டூலைக் கவிழ்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"அந்தக் கால் ஒரு நூல் ஜாஸ்தி. எடு."

"நான் தொடலாமாப்பா?"

"ஒரு நூல்தான் சொன்னேன்."