கேட்பவருக்குத் தெரிந்ததை வைத்துப் பிரி

அன்புத் தம்பிக்கு,

 

நம் ஊர் லினக்ஸ் குழுவை நான்காகப் பிரிக்கலாமா என்று கேட்டிருந்தாய். சர்வர் பார்ப்பவர்களுக்கு ஒன்று, புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒன்று, தமிழ்க் கணினி வேலைக்கு ஒன்று, புதியவர்களுக்கு ஒன்று. டெலிகிராமை ஒரு நாள் திறக்காவிட்டால் செய்திகள் குவிந்துவிடுகின்றன, விஷயம் தெரிந்தவர்கள் சலித்துப்போய் வாய் திறப்பதில்லை, சர்வர் நண்பர்கள் சிலர் விலகப் போகிறோம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தச் சலிப்பு உண்மையானது, அதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஆனால் நீ சொல்லும் பிரிவினை அதற்கு மருந்தாகாது என்று நினைக்கிறேன். ஃபோனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்ட ஒரு கல்லூரி மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள். அவள் சொல்வது "வைஃபை வரல" என்ற இரண்டே சொல். அந்தச் சிப்புக்கான ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம். தனியாகப் போட்ட டிரைவரை செக்யூர் பூட் தடுத்திருக்கலாம். விமானப் பயன்முறை பொத்தான் அழுந்தியிருக்கலாம். நெட்வொர்க் மேனேஜரில் ஏதோ அமைப்பு மாறியிருக்கலாம். இதில் எது என்று தெரிந்தால் அவள் பாதி வழி வந்துவிட்டாள், கூகுளில் தேடியே மீதியை முடித்துக்கொள்வாள். தெரியாததால்தான் நம்மிடம் வருகிறாள். அவளிடம் போய் இது எந்தப் பிரிவுக் கேள்வி என்று கேட்பது சரியா? அரசு ஆஸ்பத்திரியில் கூட நோயாளி தன் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போவதில்லை. ஓ.பி.யில் இருக்கும் டாக்டர் பார்த்துத்தான் இன்ன பிரிவுக்குப் போ என்று எழுதிக் கொடுக்கிறார்.

புதியவர்களுக்குத்தான் தனிக் குழு இருக்கப்போகிறதே என்பாய். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. அங்கே கேட்பவர்கள் நிறைந்திருப்பார்கள், பதில் தெரிந்தவர்கள் மெல்ல மெல்லக் கழன்றுகொள்வார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. லினக்ஸை நாம் பாதிக்கு மேல் கற்றது அடுத்தவர் கேள்வியைப் படித்துத்தான். டிஸ்க் இடத்தை நிர்வகிக்கும் எல்விஎம்மை நான் கற்றது, யாரோ ஒருவர் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கேட்டதற்கு வந்த பதில்களிலிருந்து. எனக்கு அன்று சர்வர் எதுவும் கிடையாது. சர்வர்காரர்களுக்குத் தனிக் குழு இருந்திருந்தால் அதில் நான் சேர்ந்திருக்கவே மாட்டேன்.

எப்படிப் பிரிப்பது என்ற இந்தக் கேள்வி லினக்ஸின் வரலாற்றிலேயே ஆரம்ப காலத்திலிருந்து இருக்கிறது. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் தன் முயற்சியை அறிவித்தது, யூஸ்நெட் என்ற விவாத மேடையில் மினிக்ஸ் இயங்குதளத்துக்கான குழுவில். லினக்ஸ் பேச்சு அங்கே பெருகியதும் 1992-இல் லினக்ஸுக்கென்று தனிக் குழு வந்தது. அந்தப் பிரிவு நியாயமானது. தன் கணினியில் ஓடுவது மினிக்ஸா லினக்ஸா என்பது எவருக்கும் தெரியும். பிறகு கூட்டம் பெருகப் பெருக அதுவும் பல குழுக்களாகப் பிரிந்தது. நிறுவுதல், வன்பொருள், நெட்வொர்க், நிர்வாகம் என்று பொருள் வாரியாகச் சில. அறிவிப்புகளுக்கு ஒன்று, ஹவ்-டூ போன்ற தயார் பதில்களுக்கு ஒன்று, எந்த இயங்குதளம் உயர்ந்தது என்று வாதாடுவதற்கு ஒன்று என்று வேறு சில.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனி. தான் அறிவிக்கிறோமா, வாதாடுகிறோமா என்று எழுதுபவருக்கே தெரியும். அதனால் அங்கே குழப்பம் இல்லை. ஆனால் தன் கோளாறு வன்பொருளிலா, நிறுவியதிலா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவர் ஒரே கேள்வியை நாலு இடத்தில் போடுவார், அல்லது தப்பான இடத்தில் போட்டுத் திட்டு வாங்குவார். திட்டு வாங்கியவர் திரும்பி வருவது அரிது.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலைப் பார். அறிவிப்புக்கும் பாதுகாப்பு எச்சரிக்கைக்கும் தனித்தனி மின்னஞ்சல் பட்டியல்கள். பயனர்கள் கேட்க ஒரு பொதுப் பட்டியல். அதையொட்டி பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் என்று மொழிவாரிப் பயனர் பட்டியல்கள். மொழியால் பிரித்தது ஏன் சரிப்படுகிறது? தன் மொழி எது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊரும் அப்படித்தான். சென்னையில் ஒரு குழு இருக்க, காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் தனிக் குழுக்கள் எழுந்ததை யாரும் பிளவு என்று சொல்லவில்லை. கேட்க வருகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை வைத்துப் பிரித்தால் அது வாசல். அவருக்குத் தெரியாததை வைத்துப் பிரித்தால் அது சுவர். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் தம்பி.

சிறப்புக் குழுக்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள். நெட்வொர்க், நினைவக மேலாண்மை, யுஎஸ்பி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல், தனிப் பொறுப்பாளர்கள். அவை இல்லாமல் அந்த வேலை நகராது. ஆனால் அங்கே கூடுபவர்கள் வேலை செய்பவர்கள். எந்தக் கோப்பில் கை வைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் யாருக்கு அனுப்புவது என்று அவர்களைத் தவிக்க விடவில்லை. கெர்னலோடு வரும் மெயின்டெய்னர்ஸ் கோப்பும் அதைப் படித்துச் சொல்லும் ஒரு ஸ்கிரிப்டும், இந்த மாற்றத்தை இன்னாருக்கு அனுப்பு என்று காட்டிவிடுகின்றன. வகைபிரிக்கும் பாரம் வருகிறவர் தலையில் விழவில்லை.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கிறதா? எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் போனவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட். அவர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆள். அவர் கண்டுபிடித்தது ஒரு பின்கதவை; அது ஒளிந்திருந்தது கோப்புச் சுருக்க நூலகமான எக்ஸ்இசட்டில். டெபியன் போன்ற சில வழங்கல்களில் சிஸ்டம்டி வழியாக அது எஸ்எஸ்ஹெச் வரைக்கும் எட்டியது. தன் துறையோடு நின்றுகொள்ளாத ஒருவர் கண்ணில் அது பட்டது. பட்டதும், அதற்கென்றே இருக்கும் பாதுகாப்புப் பட்டியலில் வெளியிட்டார், அங்கிருந்த வல்லுநர்கள் பிடித்துக்கொண்டார்கள். பொதுப் பார்வையும் வேண்டும், சிறப்புக் குழுவும் வேண்டும். எது எதற்கு என்பதில்தான் தெளிவு வேண்டும்.

இப்போது நம் குழுவுக்கு வருகிறேன். கேள்வி கேட்கும் இடம் ஒன்றாகவே இருக்கட்டும். கூட்ட அறிவிப்புக்கு மட்டும் ஒரு சேனல் வை, பொறுப்பாளர்கள் தவிர யாரும் எழுத முடியாதபடி. நேரமில்லாதவர்கள் அதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலைத் தமிழில் நன்றாக எழுதி ஓரிடத்தில் வை. அடுத்த முறை அதன் இணைப்பைக் கொடுத்தால் போதும், தெரிந்தவர்களின் சலிப்பில் பெரும்பகுதி அங்கேயே தீரும். வாரத்துக்கு இருவர் முறைவைத்துப் புதியவர்களைக் கவனிக்கட்டும். மற்றவர்கள் அந்த வாரம் குற்ற உணர்வில்லாமல் ஓய்வெடுக்கலாம்.

வேலை என்று வரும்போது தாராளமாகப் பிரி. மொழிபெயர்ப்புக்கு ஓர் அணி, பள்ளியில் பயிற்சி நடத்த ஓர் அணி, சர்வர்காரர்கள் தங்களுக்குள் ஆழமாகப் பேச ஓர் அணி. செய்ய ஆள் முன்வந்த பிறகே அணியைத் தொடங்கு. ஆள் வருவார்கள் என்று நம்பிக் காலி அறையைத் திறந்து வைக்காதே. மாதக் கூட்டத்தில் ஒவ்வோர் அணியும் என்ன செய்தோம், என்ன கற்றோம் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை விதியாகவே வை.

விலகப் போகிறோம் என்று சொன்ன அந்த சர்வர் நண்பர்களிடம் நீயே நேரில் போய்ப் பேசு. அவர்கள் பழையபடி எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம், தங்களால் மட்டுமே முடிகிற கேள்வி வரும்போது கூப்பிடுகிறோம் என்று சொல். கூப்பிட்டால் வருவார்கள். அதற்குப் பிறகும் பிரித்தே தீர வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானால், போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவரை எழுப்பி, உங்கள் கேள்வியை இந்த நான்கில் எங்கே கேட்டிருப்பீர்கள் என்று கேள். அவர் பதிலைக் கேட்டுவிட்டு வாக்கெடுங்கள்.

என்ன முடிவானது என்று எழுது.

அன்புடன்,
அக்கா