ஐந்தாவது சக்கரம்

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே மலைக்கும் சயான்–பன்வேல் நெடுஞ்சாலைக்கும் இடையே அமைந்திருப்பது அணுசக்தி நகர். செம்பூரைக் கடந்து மான்கூர்டை நோக்கிச் செல்லும் எவரும் வலப்புறத்தில் மரச்செறிவின் நடுவே அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிமிர்ந்து நிற்கக் காணலாம். 1954 இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தோன்றியது. 1956 ஆகஸ்டு 4 ஆம் நாள் அங்கே ‘அப்சரா’ அணு உலை இயங்கத் தொடங்கியது. டாக்டர் ஹோமி பாபா 1966 இல் விமான விபத்தில் மறைந்தபின், 1967 இல் அந்நிலையம் அவர் பெயரைத் தாங்கிற்று. அங்குப் பணியாற்றுவோர் குடும்பத்தோடு தங்கி வாழ்வதற்கென எழுந்த ஊரே இது. வாயிலில் காவலர் உண்டு. உள்ளே நுழைந்தால், இத்துணை நெரிசல் மிக்க நகரத்திலா இருக்கிறோம் என்ற ஐயம் எழும், அத்தனை அமைதி.

மாலை வேளையில் இங்கே நடந்து செல்வோர் தமிழ்ப் பேச்சைக் கேளாமல் வீடு திரும்புதல் அரிது. அப்பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் ‘மாற்றல்’ என்பதாகும். டிராம்பேயிலிருந்து கல்பாக்கம், கல்பாக்கத்திலிருந்து கூடங்குளம், அங்கிருந்து மீண்டும் டிராம்பே என்று இடம் மாறி வாழும் குடும்பங்கள் பல. பிள்ளைகள் ஓர் அணுசக்தி மத்தியப் பள்ளியில் தொடங்கி மற்றோர் அணுசக்தி மத்தியப் பள்ளியில் படிப்பை முடிப்பர்.

நண்பர் ஒருவருக்கும் சென்ற ஆண்டு கல்பாக்கத்துக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, மனைவி, மகள், மகன், வயது முதிர்ந்த தாயார் ஆகிய நால்வரையும் தம் ஜீப்பில் அழைத்துக்கொண்டு செல்வது என அவர் முடிவு செய்தார். புனே, சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி, வேலூர் என 48 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே சென்னை சேர்வதற்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நால்வழிச் சாலைதான், ஆயினும் மலைப்பாதைகள் உண்டு, இரவில் விரையும் லாரிகள் உண்டு.

தடையாக வந்தது ஒரு சக்கரம். வண்டியின் முந்தைய உரிமையாளர் பெரிய டயர்களை மாட்டியிருந்தார். அதனால் உபரிச் சக்கரம் தனக்குரிய இடத்தில் அடங்காமல், பின்னிருக்கைக்கு அப்பால் கட்டப்படாமலே கிடந்தது. நகருக்குள் ஓட்டியபோது அது பெரிதாகத் தோன்றவில்லை. நெடும் பயணத்திலோ, திடீரென்று பிரேக்கை மிதித்தால் 40 கிலோ எடையுள்ள அந்த இரும்பும் ரப்பரும் முதலில் பாய்வது தாயாரின் முதுகை நோக்கித்தான். எனவே அதனை வண்டிக்கு வெளியே, பின்புறத்தில் ஒரு தாங்கியில் ஏற்றுவதென்று தீர்மானமாயிற்று.

‘உபரிச் சக்கரம்’ என்று நான் எழுதினாலும் நம்மவர் வாயில் வழங்குவது ‘ஸ்டெப்னி’ என்பதே. இச்சொல்லின் வரலாறு சுவையானது. இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. அங்கே டேவிஸ் சகோதரர் இருவர் 1904 இல், பஞ்சரான சக்கரத்தின்மேல் இறுக்கிப் பூட்டத்தக்க ஆரமில்லாத சக்கரம் ஒன்றைச் செய்து விற்றனர். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆயிற்று. பிறந்த நாட்டில் பெரும்பாலும் மறைந்துபோன அப்பெயர், தாராவியிலும் தூத்துக்குடியிலும் இன்றளவும் வாழ்கிறது!

ஜீப்புக்கும் மும்பைக்கும் உள்ள உறவும் பழையதே. 1947 முதல் மகேந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை இந்நகரில் பொருத்தி விற்கத் தொடங்கினர். போர்க்காலத்து ஜீப்பில் ஸ்டெப்னி பின்புறத் தகட்டிலே அசையாமல் பூட்டப்பட்டிருந்தது. போர் முடிந்து 1945 இல் குடிமக்களுக்கான ஜீப் வந்தபோது, உழவர்கள் மூட்டைகளை ஏற்றி இறக்கப் பின்கதவு வேண்டியிருந்தது. ஆகவே சக்கரத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றினர். கதவும் வேண்டும், சக்கரமும் வேண்டும் என்னும் இந்தப் பிணக்கு அன்று தொடங்கியது. நம் நாட்டில் ஜிப்ஸி, பொலேரோ, எக்கோஸ்போர்ட், 2020 இல் வந்த தார், 2023 இல் வந்த ஜிம்னி ஆகியவற்றைச் செய்தோர், பின்கதவின் மேலேயே சக்கரத்தைச் சுமத்தி அப்பிணக்கைத் தீர்த்தனர். அக்கதவுகள் அச்சுமைக்கென்றே வலிவாகச் செய்யப்பட்டவை. அவற்றிலும், நிறுவனம் தந்த அளவைவிடப் பெரிய டயரை மாட்டினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

தாங்கி தேடி நாங்கள் சென்றது குர்லாவின் சி.எஸ்.டி. சாலைக்கு. சத்ரபதி சிவாஜி நிலையத்தின் சுருக்கம் என்று பலர் எண்ணுவர். அது மத்திய சால்செட் டிராம்வே என்பதன் சுருக்கமாகும். அந்தேரியிலிருந்து டிராம்பே வரை 1928 இல் போடப்பெற்று 1934 இல் மூடப்பெற்ற ஓர் இருப்புப்பாதையின் நினைவு அது. இன்று அச்சாலையில் வாகன உறுப்புகளை விற்கும் கடைகள் வரிசை வரிசையாக உள்ளன. காது செவிடுபடும் அளவுக்குச் சுத்தியல் ஓசை.

முதற் கடையில் காட்டியது கதவில் நேராகப் போல்ட் போட்டு மாட்டும் தாங்கி. விலை மலிவு, அரை மணி நேரத்தில் வேலை முடியும் என்றார் கடைக்காரர். நண்பர் உடனே மகளின் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக் கணக்கிடலானார். கீல் வரிசையிலிருந்து சக்கரத்தின் நடு 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டர். கதவு திறந்திருக்கையில், 40 கிலோச் சக்கரம் மேல் கீலை 60 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். மூடிய கதவிலோ, ஒவ்வொரு பள்ளத்திலும் அத்தகடு பல மடங்கு அதிர்ச்சியை ஏற்க வேண்டும். நண்பரின் வண்டிக் கதவோ மெல்லிய தகடு. முதலில் போல்ட் துளையைச் சுற்றி மயிரிழைபோல் வெடிப்புத் தோன்றும். வர்ணம் அதனை மறைக்கும். பின்னர் ஒருநாள் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் முன்னே சக்கரம் உருண்டோடும். ‘சுமை எங்கே போய் இறங்குகிறது?’ என்ற ஒரே கேள்வியை அவர் கடைதோறும் கேட்டார். சிலர் சிரித்தனர், சிலர் எரிச்சலுற்றனர்.

விடை சொன்னவர் நான்காம் பட்டறைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்தவர், எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே தொடங்கினார். “கதவு பாரம் சுமக்கக் கூடாதுங்க சார். பாரம் சாசியிலே நிக்கணும்” என்றார்.

“அதைத்தான் அண்ணாச்சி காலையிலிருந்து தேடுகிறோம்” என்றார் நண்பர்.

அவர் காட்டியது சாசியின் முனைகளில் போல்ட்டால் பிணைக்கும் கனமான பின்பம்பரும், அதன் ஒரு கோடியில் நிறுத்திய தண்டின்மேல் கதவுபோல் சுழலும் ஓர் இரும்புக் கையும். சக்கரம் அந்தக் கையில் அமரும். கையைத் திறந்துவிட்டால் வண்டியின் கதவு தன் போக்கில் திறக்கும். இவ்வகையில் நோக்க வேண்டியவை பல. தண்டு வெறும் குழாய்க்குள் சுழலக் கூடாது. மேலும் கீழும் கூம்பு வடிவப் பேரிங்கும், கிரீஸ் ஏற்றும் துளையும் வேண்டும். மூடியபின் கையின் மறுமுனை பம்பரிலுள்ள ஒரு மேடைமேல் ஏறி அமர வேண்டும். அப்போதுதான் ஓடும் நேரத்தில் தண்டின் பாரம் குறையும். தாழ் ஒன்று போதாது; அது தெறித்தாலும் கையைப் பிடித்து நிறுத்தத் தனியே ஓர் ஊசி வேண்டும். நாம் இடப்புறமாகச் செல்லும் நாட்டினர். ஆகவே தண்டு வலப்புறம் இருப்பின், சாலையோரமாக நின்று சாமான் இறக்கலாம்.

இதிலும் குறை இல்லாமலில்லை. பம்பரும் தாங்கியும் சக்கரமுமாக 70 கிலோ, பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் தொங்கும். இரு அச்சுகளுக்கும் இடையே 240 சென்டிமீட்டர் உள்ள வண்டியில், இதனால் முன் சக்கரங்களின் பாரம் 26 கிலோ குறைந்துபோகும். ஸ்டீயரிங் சற்று இலேசாகும் என்பதே இதன் பொருள். ஆகவே தாங்கியின் பக்கத்தில் டீசல் டப்பாவும் தொங்கவிடலாம் என்று பட்டறைப் பையன் ஆசை காட்டியபோது நண்பர் மறுத்துவிட்டார். அழகுக்காக ஏற்றும் பாரம் எனக்கும் பிடிப்பதில்லை.

வாங்குமுன் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே நண்பர் முதலில் வடாலாவிலுள்ள போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் வரைபடத்தைக் காட்டி எழுத்து மூலம் கேட்டார். விடை வர மூன்று வாரம் ஆயிற்று. சாசியை அறுக்காமலும் அதில் வெல்டிங் செய்யாமலும், முன்னரே உள்ள துளைகளில் மட்டும் பிணைப்பது, எண் பலகையும் பின்விளக்குகளும் மறையாதிருப்பது என்ற நிபந்தனைகளோடு அது வந்தது.

பொருத்தும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. துளைகளின் உட்புறத்தில் தடித்த இரும்புப் பட்டை வைத்து, அதன்மேல் வாஷரும் தானே கழலாத நட்டும் போட்டு இறுக்கினர். டிராம்பேக் கழியின் உப்புக்காற்றும் மும்பை மழையும் இரும்பை விரைவில் தின்னும். ஆகவே சுரண்டுபட்ட விளிம்புகளுக்கெல்லாம் ரெட் ஆக்சைடு பூசினர். சதுரக் குழாயின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளை இட்டனர். எண் பலகையை விளக்கோடு இடப்பக்கம் மாற்றினர். சக்கரத்தை மாட்டியபின் டயரின் உட்பக்கம் ஒரு ரப்பர்க் கட்டையில் நன்கு அழுந்தும்படி செய்தனர். அழுந்தாவிடில் கடகடவென்ற ஓசை முதல் மைலிலேயே தொடங்கும். ஓசையோடு தேய்மானமும் தொடங்கும்.

அண்ணாச்சி கடைசியாக ஒரு சோதனை காட்டினார். சக்கரத்தின் விளிம்பை இரு கைகளாலும் பற்றி வன்மையாக உலுக்கினார். சக்கரம் மட்டும் ஆடினால் வேலை சரியில்லை. வண்டி முழுவதும் ஸ்பிரிங்கின் மேல் ஆட வேண்டும். ஜீப் முழுவதும் ஆடிற்று. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த தாயார், “ஏண்டாப்பா, கிளம்பியாச்சா?” என்று கேட்டார்.

மே மாத இறுதியில், மழைக்கு முன்பே, அவர்கள் புறப்பட்டனர். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது பட்டறையின் கட்டளை. மலைப்பாதை ஏறி லோனாவ்லாவில் தேநீருக்கு நிறுத்தியபோது நண்பர் ஸ்பானருடன் இறங்கினார். எட்டு நட்டுகளில் இரண்டு, கால் சுற்று அளவு இடம் கொடுத்தன. அவற்றை இறுக்கி, நகர்ந்தால் தெரியும்படி ஒவ்வொன்றின் மேலும் மகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அன்று மாலை கோலாப்பூரிலிருந்து எனக்குத் தொலைபேசியில் சொன்ன செய்தி, கோடுகள் எட்டும் நேராகவே நிற்கின்றன என்பது.