சாப்பாட்டுப் பாக்கி

எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. சாதாரண நாட்களில் அதில் ஏதாவது ஒரு பொன்மொழி இருக்கும். மாதத்தில் பத்தாம் தேதி தாண்டிவிட்டால் அதை அழித்துவிட்டு, ‘சாப்பாட்டுப் பாக்கி’ என்று தலைப்புப் போட்டு, பெயர், வகுப்பு, தொகை மூன்றையும் வரிசையாக எழுதிவிடுவார்கள். எழுதுகிறவர் வார்டன் அல்ல. கையெழுத்து நன்றாக இருந்த ஒரு பத்தாம் வகுப்பு அண்ணன். அவருடைய பெயரே பட்டியலில் வந்த மாதமும் உண்டு. அதையும் அதே முத்து முத்தான எழுத்தில் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனார்.

நான் சொல்வது 1985ஆம் வருஷம். எட்டாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியும் அதை ஒட்டிய விடுதியும். அரசாங்கத்தின் நல விடுதியில் சாப்பாடு இலவசம்தான். அங்கே எனக்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினால் பலகை. இரண்டு மாதம் தவறினால் ‘மெஸ் கட்டு’. அதாவது, தங்கலாம், படிக்கலாம், மணி அடித்தால் ஜெபத்துக்கு வரலாம். தட்டோடு மட்டும் வரக்கூடாது.

ஆனியில் என் பெயர் பலகையில் வந்ததே இல்லை. ஆடியிலும் இல்லை. ஐப்பசி பிறந்தால் வந்துவிடும். தை முடிகிறவரை இறங்காது. அது ஏன் என்று எங்கள் உடன்குடிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பனையேறி. பங்குனியில் பாளை விட்டால் ஆவணி வரைக்கும் வீட்டில் காசு நடமாடும். காலையிலும் சாயங்காலமும் முப்பது முப்பத்தைந்து மரம் ஏறி இறங்குவார். பாளையை இடுக்கி, சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, ஊறிய பதநீரை இறக்கிக்கொண்டு வருவதோடு அவர் வேலை முடியும். விடிலிக் குடிசையில் அடுப்பு மூட்டிக் காய்ச்சுவது அம்மா. எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றித்தான் ஒரு கிலோ கருப்பட்டி. காய்ந்து பாகாகும் கூப்பதனி பதம் தவறினால் சிரட்டையில் ஊற்றியது இறுகாது. அன்றைய உழைப்பு அதோடு போச்சு. அம்மாவின் முன்கையில் பாகு தெறித்த தழும்புகள் வரிசையாக இருக்கும்.

ஆவணிக்குப் பிறகு மரம் ஓய்ந்துவிடும். ஓலை வெட்டு, நார் உரிப்பு, பெட்டி முடைதல், தை மாதத்தில் பனங்கிழங்கு. எல்லாம் சேர்ந்தாலும் அரிசிக்கும் சோளத்துக்கும் காணாது. அப்போது கருப்பட்டிக் கடை முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். வாங்கினால் அடுத்த பருவத்துக் கருப்பட்டியை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். என் சாப்பாட்டுப் பணம் மாதம் தவறாமல் கட்டப்பட்ட ஒரு வருஷம், அந்த முன்பணத்தால் கட்டப்பட்டதுதான். அந்தச் சித்திரையில் எங்கள் கருப்பட்டி சந்தை விலைக்கு எவ்வளவோ கீழே போனது. விடுதியின் நாட்காட்டியில் பன்னிரண்டு மாதமும் ஒரே உயரம். பனையின் நாட்காட்டி அப்படி இல்லை.

எட்டாம் வகுப்பு மார்கழியில் எனக்கு மெஸ் கட்டு ஆனது. காலையிலும் ராத்திரியிலும் கூட்டாளிகள் ஆளுக்கொரு கை ஒதுக்கிவைப்பார்கள். சமையல்காரர் கண்டும் காணாமல் இருப்பார். தானாக ஒரு கரண்டி போட மாட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சோற்றுக்கு அவரும் வார்டனிடம் கணக்குச் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்குத்தான் எனக்கு ஒரு வழி இருந்தது. சத்துணவு.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோது அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான். 1984இல் பதினைந்து வயது வரைக்கும் என்று நீட்டினார்கள். எங்கள் பள்ளியிலும் கொட்டகை போட்டு அடுப்பு வைத்தார்கள். வெளியூரிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் அங்கே வரிசையில் நின்று சாப்பிடுவார்கள். விடுதிப் பையன்களுக்கு அதில் ஓர் இளக்காரம். நாங்கள் ‘காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள்’ அல்லவா? அந்த வரிசையில் போய் நான் நின்றேன். பெயர் எழுதுகிற டீச்சர் நிமிர்ந்து பார்த்து, “ஏ, நீ விடுதிப் பையன்லா?” என்றார். பக்கத்தில் கரண்டியோடு நின்ற ஆயா, “மத்தியானம் விடுதியும் பசிக்கும், வீடும் பசிக்கும். எழுதுங்க டீச்சர்,” என்றது. எழுதினார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சோறு சூடாக இருந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அரசாங்கம் பெயரை எழுதிக்கொண்டு சோறு போட்டது, அந்தப் பக்கம் பெயரை எழுதிவிட்டுச் சோற்றை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்குப் பசிதான் இருந்தது.

அரைப்பரீட்சை விடுமுறைக்கு ஊருக்குப் போய்ச் சொன்னபோது அப்பாவுக்கு விஷயம் பிடிபடவே இல்லை. “சோத்தயா நிறுத்துனாவ?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அவர் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். காமராசர் காலத்து மதிய உணவைச் சாப்பிட்ட பிள்ளை. 1956இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் செலவில் பத்தில் ஆறு பங்கு அரசாங்கம், நாலு பங்கு ஊர் என்று ஏற்பாடு. பிடி அரிசி போட்ட வீடுகளில் அவருடைய அம்மா வீடும் ஒன்று. பிள்ளை பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டால் அது ஊர்ப் பொறுப்பு என்பது அவருக்குள் ஊறிப்போயிருந்தது. விடுதிப் பாக்கியையும் மளிகைக்கடைப் பற்று போலத்தான் நினைத்திருந்தார். பருவம் வந்தால் கொடுத்துவிடப் போகிறோம், அதற்குள் என்ன அவசரம்?

அம்மாவுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. அடுப்பு அவள் கையில், கணக்கும் அவள் கையில். ஜனவரியில் பள்ளி திறந்த அன்று, பெட்டியில் கடைசியாக எடுத்துவைத்திருந்த கருப்பட்டியோடு என்கூடவே பஸ் ஏறிவிட்டாள். வார்டன் அறையில் உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

“சார், மாசாமாசம் எங்களால கெட்ட முடியாது. ஆனியில வருசப் பணத்த மொத்தமா கெட்டிடுதேன். அதுக்கு முன்ன இந்தப் பாக்கிக்கு இப்பம் இது இருக்கு,” என்று கருப்பட்டியைக் காட்டினாள்.

“விதி அப்படி இல்லம்மா.”

“விதி எழுதுனவியளுக்கு மாசச் சம்பளம், சார்.”

வார்டன் சிரித்தாரா கோபப்பட்டாரா என்று சொல்லத் தெரியவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். “கேளுங்க. ஆனா ஒண்ணு. பாக்கி என்னோடது. கடுதாசி எம்பேருக்கு, தபால்ல போடுங்க. அந்தப் பலகையில இவம்பேர எழுதுனா நானா வந்து பாக்கப் போறேன்?” என்றாள். கருப்பட்டியை எடைபோட்டு விடுதிக் காபிக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆனியிலிருந்து எங்கள் கணக்கு வருஷக் கணக்கானது. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த இன்னும் சில பையன்களுக்கும் அதே ஏற்பாடு நடந்தது. பலகை மட்டும் மற்றவர்களுக்காக அங்கேயே இருந்தது.

அந்த மற்றவர்களில் ஒருவன் என் வகுப்புக்காரன். அவன் அப்பாவுக்கு அரசாங்க வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். ராஜ்தூத் பைக் வைத்திருந்தார். பொங்கலுக்குப் பையனைக் கூட்டிப்போக அதில்தான் வருவார். அவன் பெயர் பலகையிலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை. கட்டு விழும், கொஞ்சம் பணம் வரும், கட்டு நீங்கும், மறுபடி விழும். சத்துணவு வரிசைக்கு மட்டும் வரமாட்டான். ‘எங்கப்பா ஆபீசர்’ என்பான். ராத்திரி எங்கள் தட்டிலிருந்து சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேச மாட்டான். எங்கள் பாக்கிக்கும் அவன் பாக்கிக்கும் நடுவில் இருந்த தூரம் அந்தப் பலகைக்குத் தெரியவே தெரியாது. இல்லாதவன் வீட்டுத் தொகையும் இருப்பவன் வீட்டுத் தொகையும் ஒரே சாக்குக்கட்டியில் ஒரே உயரத்தில் இருந்தன. பெற்றவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று வாத்தியார்கள் பொதுவாகச் சலித்துக்கொள்வார்கள். அவன் அப்பா விஷயத்தில் அந்தச் சலிப்பு நியாயம்தான். ஆனால் பட்டினி கிடந்தது அவன் அப்பா இல்லையே.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும். பாக்கி தீர்ந்தால்தான் டி.சி. என்றார்கள். அவன் அப்பா வந்தார். இரண்டு வருஷத்துப் பாக்கியை நூறு ரூபாய் நோட்டுகளாக எண்ணி மேஜையில் வைத்தார். பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கப் போயிருந்த நான் வாசலில் நின்றேன்.

“இதை அப்பவே கட்டியிருக்கலாமே சார்?” என்றார் வார்டன்.

“நீங்க அவன்கிட்டல்லா கேட்டிய? எங்கிட்ட யாரும் கேக்கலையே,” என்றார் அவர்.

அது பொய்யும் இல்லை. நோட்டீஸை வார்டன் பையன்கள் கையில்தான் கொடுத்தனுப்புவார். அப்பாவின் அடிக்குப் பயந்து அவன் ஒன்றையும் வீட்டில் காட்டியதில்லை. கிழித்துக் கிணற்றில் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். இடையிடையே வந்த கொஞ்சப் பணமும் அவன் அம்மா சிறுவாட்டிலிருந்து கொடுத்ததாம். ஆனாலும் இரண்டு வருஷமாகப் பையன் எங்கே, யார் காசில் சாப்பிடுகிறான் என்று ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றாத மனுஷனை, நோட்டீஸ் கிடைக்கவில்லை என்பதற்காக என்னால் விட்டுவிட முடியவில்லை.

ஊருக்குப் போய் இதை அம்மாவிடம் சொன்னேன். விடிலியில் துடுப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள். அவருடைய நியாயம் அவளுக்கு முக்கியமாகப் படவில்லை.

“எவ்வளவு கெட்டுனாரு?”

சொன்னேன்.

“சோத்த நிறுத்துன நாளுக்கும் சேத்தா வாங்குனாவ?”

எனக்கு அது தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், மாதத்துக்கு முழுப்பணம்தான் போடுவார்கள் என்றேன்.

“அப்பம் உனக்கு நிறுத்துனப்பவும் முழுசாத்தான் வாங்கியிருக்காவ.” துடுப்பை நிறுத்தி, அந்த மார்கழியில் எத்தனை நாள் என்று எண்ணச் சொன்னாள். நினைவிலிருந்த வரை எண்ணிச் சொன்னேன். அந்த ஆனியில் பதினொன்றாம் வகுப்புக்கு வருஷப் பணம் கட்டப் போனபோது அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் மேஜையில் வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய கணக்கு, அது முடிந்துபோன கணக்கம்மா என்றார் வார்டன். “சாப்பிடாத சோத்துக்கு எப்பிடி சார் கணக்கு முடியும்?” என்றாள். அவர் பேரேட்டைக் கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு அவள் வைத்த தொகைக்கே ரசீது போட்டார்.