பாடியும் ஹள்ளியும்

பெங்களூரு ஜீவனஹள்ளியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பத்து வயது மகளுக்குக் கோடை விடுமுறைக்கு முன் கன்னட ஆசிரியை ஒரு வேலை கொடுத்தனுப்பினார். பள்ளி திறக்கும் நாளில் ‘நம்ம ஊரு’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். வகுப்பில் ஒருவன் ஹாசன் என்றான், ஒருத்தி கோலார் என்றாள். இவள் வீட்டுக்கு வந்து தந்தையிடம் கேட்டாள்.

“நம்ம ஊரு எதுப்பா?”

“ஜீவனஹள்ளிதான்.”

“அது வீடு இருக்கிற இடம். ஊரு எது?”

தந்தையிடம் பதில் இல்லை. 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயர் படைக் குடியிருப்பை நிறுவியபோது சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்து தமிழர் அங்கே குடியேறினர். சிப்பாய்களாகவும் வணிகர்களாகவும் கைவினைஞர்களாகவும் வீட்டுப் பணியாளர்களாகவும் அவர்கள் வந்தனர். இந்தத் தந்தையின் முன்னோரும் அவ்வழியே வந்தவர்களே. எங்கிருந்து என்று சொல்லத் தெரிந்தவர் அவருடைய தாத்தா. அவரோடு அந்த ஊர்ப் பெயரும் போயிற்று. நிலமோ, குலதெய்வக் கோயிலோ, திருவிழாவுக்கு அழைக்கும் உறவோ எங்கும் மிஞ்சவில்லை. காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியின் சந்துகளில் கேட்கும் தமிழ் மட்டுமே மிஞ்சியது. மகளுக்கு அந்தத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

இல்லாத ஊருக்குப் போக முடியாது என்பதால் விடுமுறைக்கு ஏதேனும் ஓர் ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. தாயின் கைபேசியில் கிரேக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் படம் நெடுநாளாக இருந்தது: வெள்ளைச் சுவர்கள், நீலக் கதவுகள், படகுத்துறையில் உறங்கும் பூனை. அந்தப் படத்தின் இடத்தில் தந்தை தரங்கம்பாடியை வைத்தார். அங்கும் வெள்ளைச் சுவர்கள் உண்டு, கடல் உண்டு, இரவு ரயிலில் மயிலாடுதுறை வரை போனால் போதும் என்றார். அவர் அச்சகத் தொழிலாளி. தமிழ் அச்சின் வரலாற்றில் அந்த ஊருக்கு இடம் உண்டு என்பதை எங்கோ படித்திருந்தார் என்பது சொல்லாத காரணம்.

வழியில் ரயில் திருச்சிராப்பள்ளியில் நின்றபோது சிறுமி விழித்துக்கொண்டு பலகையை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினாள். “பள்ளின்னா ஸ்கூல்தானே? இவ்வளவு பெரிய ஸ்கூலா?” என்றாள். பெற்றோர் சிரித்தனர். பதில் இருவருக்கும் தெரியாது.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு ரயில் ஓடியது; 1986இல் அந்தப் பாதை மூடப்பட்டது. பேருந்தில்தான் போயினர். 1792 என்னும் ஆண்டைத் தாங்கிய நகர வாயிலைக் கடந்ததும் நேரான தெரு, இரு பக்கமும் தூண்கள் வைத்த பழைய வீடுகள், தெருவின் முடிவில் கடல். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை கரையில் நிற்கிறது. 225 ஆண்டுகளுக்குப் பின், 1845இல், வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து இவ்வூரையும் அவர்கள் ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றனர். தெருக்களோடும் மனிதர்களோடும் ஓர் ஊரை விற்க முடியும் என்பதைச் சிறுமி நம்ப மறுத்தாள். “அதுக்கப்புறம் அது யாரோட ஊரு?” என்று கேட்டாள்.

மறுநாள் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டைக் காணச் சென்றனர். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் அவர். தமிழாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் எழுத்தில் அச்சு 1578இல் கொல்லத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது தொடரவில்லை. தரங்கம்பாடியில் 1713 முதல் இயங்கிய அச்சகமே அதை நிலைத்த தொழிலாக்கியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது என்பதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. தந்தை அச்சுப்பொறியின் முன் நெடுநேரம் நின்றார். காகிதம் கட்டுப்படியாகாது என்பது அவர் நாள்தோறும் கேட்கும் பேச்சு. மகளின் கண் வேறிடத்தில் நின்றது. “அவரும் என்னை மாதிரி பேசக் கத்துக்கிட்டு, எழுதத் தெரியாம இருந்தாரா?” என்றாள்.

மாலையில் மூவரும் கரைக்குப் போயினர். மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் முன்பே கொண்டுபோய்விட்டது. இப்போது கற்பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். ஊரின் பெயருக்கு ‘அலைகள் பாடும் ஊர்’ என்று பொருள் என விடுதியில் சொல்லியிருந்தனர். தாய் அதையே மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அருகில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்த மூதாட்டி குறுக்கிட்டார்.

“அலை எங்கம்மா பாடுது? பாடின்னா ஊரும்மா. நாலு குடி சேர்ந்து இருந்தா பாடி.”

மூதாட்டி சொன்னதே சரி. 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இவ்வூரைச் ‘சடங்கன்பாடி’ என்கிறது. வாணியம்பாடியிலும் ஆயர்பாடியிலும் இருக்கும் அதே பாடிதான் இது. பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வந்து போகிறவர்களின் காதில் பெயரின் ஓசை இனிமையாக விழுகிறது. இருப்பவர்களுக்கு அது வெறும் குடியிருப்பு.

“நீங்க எந்த ஊரு பாப்பா?” என்றார் மூதாட்டி.

சிறுமி தந்தையைப் பார்த்தாள். பிறகு, “எங்களுக்கு ஊரு இல்ல பாட்டி, வீடு மட்டும்தான்” என்றாள்.

மூதாட்டி சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கரையைக் காட்டினார். 2004 டிசம்பர் 26 வரை அவர் வீடு இருந்த இடம் அது. ஆழிப்பேரலைக்குப் பின் கடலைவிட்டுத் தள்ளி வேறு வீடு கொடுத்தார்கள்.

“வீடு அங்க குடுத்தாங்க. ஊரு இங்கதான் இருக்கு. காலையில எந்திரிச்சா காலு தானா இங்கதான் வருது” என்றார். அந்த அலையில் தம் வீட்டில் யாரை இழந்தார் என்று தாய் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டார். மூதாட்டியும் சொல்லவில்லை.

அவருடைய மகன் சற்றுத் தொலைவில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்கள் இனம் பெருகுவதற்கான தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பெங்களூருக் குடும்பத்தின் விடுமுறையும் அவருடைய வருமானமில்லாத நாள்களும் ஒரே மே மாதத்தில் விழுந்திருந்தன. “உங்களுக்கும் லீவா மாமா?” என்று சிறுமி கேட்டாள். “ஆமாம்மா, கடலுக்கு லீவு” என்றார் அவர். தந்தைக்கு அந்தப் பதிலுக்குப் பின் கரையைப் படமெடுக்கத் தோன்றவில்லை. அவரருகே அமர்ந்து வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது மூதாட்டி மீண்டும் கேட்டார்: “வீடு இருக்கிற எடத்துப் பேரு என்ன சொன்ன?”

“ஜீவனஹள்ளி.”

“ஹள்ளின்னா?”

“கன்னடத்துல ஹள்ளின்னா சின்ன ஊரு, பாட்டி.” சொல்லி முடித்ததும் சிறுமி அப்படியே நின்றாள். அவளுக்கு இரு மொழியும் நாவில் உண்டு. பாலை ஹாலு என்றும், புலியை ஹுலி என்றும், பத்தை ஹத்து என்றும் அவள் தெருவுக்குத் தெரு மாற்றிச் சொல்லியே வளர்ந்தவள். மணலில் அமர்ந்து ஆங்கில எழுத்தில் அந்தச் சொற்களை இரண்டு வரிசையாக எழுதினாள். கடைசியில் ஹள்ளி என்று எழுதி, எதிரே பள்ளி என்று எழுதினாள். “அப்பா, திருச்சிராப்பள்ளி ஸ்கூல் இல்ல!” என்று கத்தினாள்.

சொல்லின் தொடக்கத்தில் நின்ற பகரம் இடைக்காலக் கன்னடத்தில் ஹகரமாயிற்று என்பது மொழியியல் மாணவர் முதலாண்டில் படிக்கும் பாடம். சிற்றூரைக் குறித்த பழைய ‘பள்ளி’ அவ்வாறே ‘ஹள்ளி’ ஆயிற்று. தமிழில் அது ஊர்ப் பெயர்களின் இறுதியில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. தனியே நின்றால் கல்விக்கூடத்தையே பெரிதும் குறிக்கிறது. பாடநூல் இதை ஒலிமாற்றம் என்று ஒரு வரியில் சொல்லி முடிக்கும். ஊர் இல்லை என்று எண்ணியிருந்த பிள்ளைக்கு அதே ஒலிமாற்றம் ஓர் ஊரைக் கொடுக்கிறது என்பதை அந்த வரியில் படிக்க முடியாது. முன்னோர் விட்டுவந்த ஊர்ப்பெயர் தொலைந்ததுதான். அதை எந்த ஒலிவிதியும் மீட்டுத் தராது. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த இடமும் தன் பெயரிலேயே ஊர்தான். நாலு குடி சேர்ந்து இருந்தால் பாடி என்றால், இருநூறு ஆண்டுகளாகக் குடிகள் சேர்ந்திருக்கும் இடத்தை வேறு எப்படி அழைப்பது?

பள்ளி திறந்தது. தரங்கம்பாடியைப் பற்றி எழுதுவாள் என்று பெற்றோர் எதிர்பார்த்தனர். கோட்டையும் கடலும் அவள் பக்கத்தில் இடம்பெறவில்லை. தண்டவாளத்து ஓசை, கீரை விற்கும் தாத்தா, மூன்று மொழியில் சண்டை போடும் தெரு என்று ஜீவனஹள்ளியைப் பற்றியே எழுதியிருந்தாள். தலைப்பைக் கன்னடத்தில் எழுதி, அதன் கீழே தந்தையிடம் கேட்டுக் கற்ற தமிழ் எழுத்தில் மீண்டும் எழுதியிருந்தாள். இரண்டு வரியும் ஒரே ஒலிதான்: நம்ம ஊரு.