ஏரிக்கரையில் ஏழு மாதப் பேத்தி

பேத்தி பிறந்த செய்தியைத் தாதிப் பெண் வந்து சொன்னபோது, சுபுஹுத் தொழுகை முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 2024 அக்டோபர் மாதம். வெளியே நல்ல மழை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கைகளில் தந்தார்கள். வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொன்னேன். பாதியிலேயே குரல் தழுதழுத்துவிட்டது. என் பிள்ளைகள் எவருக்கும் நான் பாங்கு சொன்னதில்லை. நான் சபராளி.

அந்தப் பிள்ளையின் உம்மாவாகிய என் மகள் 1995இல் பிறந்தபோது நான் சார்ஜாவில் இருந்தேன். அவள் காதில் பாங்கு சொன்னவர் என் வாப்பா. நாற்பது நாள் கழித்து, ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். சலாம், நலம் விசாரிப்பு, வீட்டுச் செலவுக் கணக்கு எல்லாம் முடிந்தபின், கடைசியில் ஒரு குழந்தையின் அழுகை. அறையில் உடனிருந்தவர்கள் உறங்கியபின் அந்த இடத்தை மட்டும் எத்தனை முறை சுழற்றிக் கேட்டேன் என்பதை அல்லாஹ் அறிவான். பதினான்கு மாதங்கள் சென்று ஊர் திரும்பியபோது, அவள் என்னைக் கண்டு வீரிட்டழுது உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

இப்போது மருமகன் ரியாதில் இருக்கிறார். தம் மகள் பிறந்ததைக் கைப்பேசித் திரையில்தான் கண்டார். ஏழாம் நாள் அகீகா கொடுத்தோம். தலைமுடி இறக்கி அதன் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்தோம். "பெண்ணா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்ட உறவினர் ஒருவருக்கு இறைச்சிப் பங்கைச் சற்றுக் கூடுதலாகவே அனுப்பிவைத்தேன். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்பவர்களைக் குர்ஆன் கண்டித்திருப்பதை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவரும் ஓதியவர்தாம்.

2025 மே மாதம் மருமகன் ஒரு மாத விடுப்பில் வந்தார். எது நடக்கும் என்று அஞ்சியிருந்தேனோ, அதுவே நடந்தது. திரையில் கண்டு சிரித்த பிள்ளை, நேரில் கண்டதும் உதட்டைப் பிதுக்கினாள். ஆறு நாள் ஆகியும் அவர் கைக்குப் போகவில்லை. அவர் சிரித்து மழுப்புவார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன்.

"கொடைக்கானல் போய்வருவோம்" என்றார் என் துணைவியார் திடீரென்று. அது நான் அவருக்குத் தந்து நிறைவேற்றாத வாக்குறுதி. ஒவ்வொரு விடுப்பிலும், "அடுத்த சபரில் போவோம்" என்பேன். விடுப்போ வீடு கட்டுவதிலும், தங்கையர் நிக்காஹிலும், மவுத்து வீடுகளிலும் கரைந்துவிடும். இருபத்தெட்டு ஆண்டுகள் அப்படியே போயின.

2024 மே முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும்; மகள் பதிந்து எடுத்தாள். சுபுஹு தொழுதுவிட்டு அதிராம்பட்டினத்திலிருந்து புறப்பட்டோம். தஞ்சை, திருச்சி, திண்டுக்கல் கடந்து வத்தலக்குண்டு வரையில் வெயில் வாட்டியது. மலைப்பாதை வளைந்து ஏற ஏறக் காற்றின் குணமே மாறிற்று. ஊரை நெருங்குமுன் சாலையோரத்தில் வெள்ளி அருவி விழுகிறது. கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்துவரும் நீர்தான் அது. ஏரியைக் காணுமுன்பே ஏரித் தண்ணீரைக் கண்டுவிடுகிறோம்.

ஏழாயிரம் அடி உயரத்தில், சுமார் அறுபது ஏக்கரில், நட்சத்திரம்போல் கைகளை நீட்டிக் கிடக்கும் இந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. மீன் விட்டதும் அவரே. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததாகவும் சொல்வார்கள். கடற்கரைப் படகு மலையேறிய கதை எங்களைப் போன்ற கடலோர மக்களுக்குப் பிடித்துப்போகிறது. சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். மே மாதக் கூட்டத்தில் மிதிவண்டிகளும் குதிரைகளும் நம்மை நிம்மதியாக நடக்கவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் அதிகாலையில், பனிமூட்டம் நீர்மேல் படுத்திருக்கும்போது நடந்தோம், அதுதான் ஏரி.

அன்று காலை படகுத்துறையில் துணைவியார் ஒரு காரியம் செய்தார். "பச்சைப்பிள்ளைக்குப் படகு வேண்டாம், ஈரக்காற்று" என்று பேத்தியை மருமகன் கையில் கொடுத்துவிட்டு, மகளையும் என்னையும் துடுப்புப் படகில் ஏற்றிவிட்டார். பிள்ளை அலறினாள். மகள் எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் மணிக்கட்டைப் பற்றி உட்காரவைத்தார். "நாம் பக்கத்தில் இருந்தால் நம்மிடமே தாவுவாள். அந்தப் பிள்ளை எப்போதுதான் அவளைத் தூக்குவது?"

படகு நகர்ந்தது. கரை விலக விலக அழுகை மெலிந்து, பிறகு கேட்காமலே போயிற்று. கம்பளித் துண்டோடு மருமகன் வேலியோரமாக நடப்பதும், நிற்பதும், குனிந்து வாத்துகளைக் காட்டுவதும் மட்டும் தெரிந்தன. மகள் கண்ணெடுக்காமல் கரையையே பார்த்திருந்தாள். ஏரியைப் பார்த்தவர் துணைவியார் ஒருவர்தாம். தண்ணீரில் விரல்களை அளைந்தபடி, "குளிர்ந்து கிடக்கிறதே!" என்றார். இத்தனை வருடம் தாமதித்ததற்கு அவர் சொன்ன ஒரே குறை அதுதான்.

அரை மணி நேரம் கழித்துக் கரையேறினோம். பிள்ளை அவர் தோளில் உறங்கிக்கொண்டிருந்தாள். சட்டைக் கழுத்தை ஒரு சிறு கை இறுகப் பற்றியிருந்தது. வாங்கிக்கொள்ள மகள் கை நீட்டினாள். "இருக்கட்டும்" என்றார், மிக மெதுவாக. கை மரத்துப்போகும்வரை அவர் உட்காரவும் இல்லை.

இறங்குமுன் கடைத்தெருவில் மலைப்பூண்டு வாங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது இது. பாலூட்டும் பெண்ணுக்குப் பூண்டு கொடுப்பது நம் வீடுகளின் பழைய வழக்கமாதலால், துணைவியார் இரண்டு கிலோ எடுத்துக்கொண்டார். காரெல்லாம் பூண்டு வாசனை.

மருமகன் ரியாத் திரும்பிவிட்டார். இரவு இஷா தொழுதபின் அழைக்கிறார். பேத்தி இப்போதெல்லாம் திரையைப் பார்த்துச் சிரிப்பதோடு நிற்பதில்லை. முகத்தைக் கையால் தட்டிப் பார்க்கிறாள். பிறகு பேசியைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் தேடுகிறாள்.