மொராக்கோவில் நாலு தடிமாடுகளும் ஒரு நகரும் வீடும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச பதிவு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, நேரம் கிடைக்கலன்னு சொல்லிக்கலாம். ஆனா காரணம் அது இல்ல. கடைசில சொல்றேன்.

காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்த நாலு பேரு. இப்ப ஐரோப்பால ஆளுக்கொரு மூலையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கோம். எங்களைவிட ஆறே மாசம் பெரியவன்ங்கறதால ஒருத்தன் தல. நல்லா சமைக்கிறவன் நளன். மூணாவது ஆசாமி கும்பகர்ணன், விளக்கம் தேவையில்ல. போன நவம்பர்ல ஸ்பெயின்ல ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து, அல்ஜெசிராஸ்ல கப்பல் ஏத்தி, ஒன்றரை மணி நேரத்துல டாஞ்சியர் மெட் துறைமுகத்துல இறங்கினோம்.

இங்க ஒரு விஷயம். மொராக்கோக்குள்ள வெளிநாட்டு வண்டி கொண்டு போனா கொண்டு போறவர் பேர்ல கஸ்டம்ஸ்ல பதிவாயிடும். திரும்பும்போது அவர் அந்த வண்டியோடதான் வெளிய வரணும். பதிவு தல பேர்ல. வண்டிக்கான டெபாசிட்டும் தல கார்டுல. தார் ரோட்ட விட்டு இறங்கினா இன்ஷூரன்ஸ் கிடையாதுன்னு ஒப்பந்தத்துல கொட்டை எழுத்துல போட்டிருந்தது. மூணையும் ஞாபகம் வச்சுக்கங்க.

நகரும் வீடுன்னா என்னமோ சொகுசுன்னு நெனச்சிருந்தேன். ஓட ஆரம்பிச்சதும் தட்டு, கரண்டி, குக்கர், அலமாரிக் கதவு எல்லாம் சேர்ந்து கச்சேரி. பக்கத்து சீட்ல பேசறது கேக்காது. டாய்லெட்டுக்கு அடியில ஒரு பெட்டி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை உருவிக்கிட்டுப் போய் கேம்ப்சைட்ல கொட்டணும். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். நாலுல மூணு தடவை எனக்குத்தான் விழுந்துச்சு. இதுல ஏதோ சதி இருக்கு.

ஷெஃப்ஷாவென்ல நீலச்சுவர் முன்னாடி எல்லாரையும் மாதிரி போட்டோ. அஸ்ரூ பக்கத்துல சீடர் காட்டுல வாலில்லாத குரங்குங்க, நளனோட வாழைப்பழம் நாலு காலி. ஊருக்கு ஊர் போலீஸ் தடுப்பு. அவங்க கைகாட்டினாலொழிய நகரக்கூடாது. இந்தியான்னு தெரிஞ்சதும் ஒருத்தர் "ஷாருக் கான்!"னு சிரிச்சு அனுப்பிட்டாரு. ரஜினிய அவருக்குத் தெரியல, வருத்தம்தான். மிடெல்ட் தாண்டி தெற்கே போகப்போக பச்சை குறைஞ்சுக்கிட்டே வந்து, திடீர்னு ஸீஸ் பள்ளத்தாக்கு. மண்நிற மலைக்கு நடுவுல நெருக்கமா பேரீச்ச மரங்க. கும்பகர்ணனே எழுந்து உக்காந்து பார்த்தான்னா பாத்துக்கங்க.

மெர்சூகா போறப்ப சாயங்காலம். எர்க் ஷெபி மணல்மேடு ஆரஞ்சு கலர்ல ஜொலிக்குது. நான்தான் ஓட்டிட்டு இருந்தேன். தார் ரோட்லேருந்து ஒரு தடம் பிரிஞ்சு நேரா மணல்மேட்டுக்குப் போச்சு. கறுப்புக் கல்லு பரவின கெட்டித்தரை மாதிரி இருந்தது. அஸ்தமனத்த கிட்டப் போய் பாக்கலாம்னு திருப்பினேன். அரை கிலோமீட்டர் நல்லாத்தான் போச்சு. அப்புறம் முன்சக்கரம் ரெண்டும் புதைஞ்சு நின்னுடுச்சு.

மூணரை டன் வண்டி, கனமெல்லாம் பின்னாடி, இழுக்கிறது முன்சக்கரம். மெக்கானிக்கல் படிச்ச எனக்கு இது தெரிஞ்சிருக்கணும். நான் என்ன பண்ணேன்? ஆக்சிலேட்டர அழுத்தினேன். சக்கரம் சுத்தச்சுத்த வண்டி வயிறு வரைக்கும் இறங்கிடுச்சு.

எல்லாரும் இறங்கிப் பார்த்தோம். யாரும் பேசல. அப்பதான் நான் தலயப் பார்த்து, "மேப் பாத்துட்டிருந்தது நீதானடா, இது வழியில்லன்னு சொல்றதுக்கென்ன?"ன்னு கத்தினேன். "சொன்னேன், உனக்குக் கேக்கலையா?"ன்னான். "அந்தப் பாத்திரச் சத்தத்துல என்ன கேக்கும்?"னேன். தல என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சாப்பாட்டுத் தட்ட எடுத்து மணலத் தோண்ட ஆரம்பிச்சான்.

இருட்டினப்புறம் ஒரு பெரியவரும் ரெண்டு பசங்களும் மண்வெட்டியோட வந்தாங்க. டயர்ல பாதிக் காத்த இறக்கச் சொன்னாரு. சக்கரத்துக்குக் கீழ கல்லையும் எங்க மிதியடியையும் செருகி, வந்த தடத்துலயே ரிவர்ஸ்ல எடுக்க வச்சாரு. மூணு மணி நேரம். காசு கொடுத்தோம். எண்ணிக்கூடப் பாக்காம பாக்கெட்ல வச்சுக்கிட்டு, புதினா டீ குடிக்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்த டீ குடிக்கறப்பவும் தல என் பக்கத்துல உக்காரல.

ஏறுற படி வளைஞ்சு, கழிவுத்தண்ணிக் குழாய் உடைஞ்சிருந்தது. டெபாசிட்ல 640 யூரோ பிடிச்சாங்க. முழுசையும் தலக்கு அனுப்பினேன். 160 மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய திருப்பி அனுப்பிட்டான். ஒரு வார்த்தை எழுதல. குரூப்ல இப்பவும் ஜோக்குக்கு சிரிக்கிறான், போன் பண்ணா மட்டும் மீட்டிங்ல இருக்கேங்கறான்.

இந்தப் பக்கத்த அவன் படிப்பான்.

தல, நீ "திரும்பாதடா"ன்னு சொன்னது எனக்குக் கேட்டுது.